நிறைவயதில் மறைந்த அத்தைக்கு நினைவஞ்சலி எழுதும்போது எதை முதன்மையாகச் சொல்ல வேண்டும்?

அரசுப் பணியில் நெடுங்காலம் உழைத்து, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்து, அண்மையில் காலமான உங்கள் அத்தையைப் பற்றிப் பதினாறாம் நாள் நினைவுமலரில் என்ன எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லி உங்களைக் குழப்பியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அவர் பார்த்த வேலையை எழுதுங்கள் என்பேன். குடும்பத்துக்கு அவர் செய்ததைச் சொல்ல ஊரே இருக்கும். அலுவலகத்தில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இருக்காது.

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தொண்ணூற்றொரு வயதில் காலமானபோது அடித்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவர் இன்னாரின் மனைவி, இன்னாரின் தமக்கை, இன்னாரின் அத்தை என்றெல்லாம் இருந்தது. ஓராண்டுகூட நீடிக்காத மணவாழ்க்கைக்கு முதல் வரி கிடைத்தது. 1956 முதல் 1992 வரை மதுரையில் டெலிபோன் ஆபரேட்டராகப் பணியாற்றியதற்கு ஓர் எழுத்தும் இல்லை.

அந்த வேலை என்னவென்று இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, மணிக்கணக்கில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டிய காலம் அது. ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதன்முதலாகக் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-இலேயே வந்துவிட்டது என்றாலும், சிற்றூர்கள் வரை அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை வெளியூர் அழைப்பு ஒவ்வொன்றும் அத்தையைப் போன்ற ஒருவரின் கை வழியாகத்தான் போயிற்று. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் இணைப்பு வயரைச் சுவிட்ச்போர்டுப் பலகையில் செருகி, மறு கையால் பென்சிலில் டிக்கெட் எழுத வேண்டும்: அழைத்தவர் எண், கேட்ட எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். சாதாரண அழைப்பைப் போல் அவசர அழைப்புக்கு இரண்டு மடங்கும், எல்லாவற்றுக்கும் முன்னால் இணைக்கப்படும் மின்னல் அழைப்புக்கு எட்டு மடங்கும் கட்டணம். மூன்று நிமிடம் ஆனதும் இடையில் புகுந்து நீட்டிக்கவா என்று கேட்க வேண்டும். எதிர்முனையில் ஒருவர் அழுதுகொண்டிருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1969 பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்த செய்தி பரவிய காலையில், பலகையில் விளக்கு எரியாத இடமே இல்லை என்று அத்தை சொல்வார். ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் தம் அழைப்பை முன்னால் தள்ளச் சொல்லி அதட்டினாராம். "மின்னல் அழைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள் ஐயா, இல்லையென்றால் வரிசைப்படிதான் வரும்" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டை எடுத்திருக்கிறார். இந்த ஒன்றைத்தான் அவர் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மற்றபடி, எத்தனையோ வீட்டு இரகசியங்கள் காதில் விழுந்திருக்கும். ஒன்றையும் வீட்டில் வாய் திறந்து சொன்னதில்லை. நாங்கள் கிண்டிக் கேட்டால், "போடா, படிக்கிற வேலையைப் பார்" என்பதோடு சரி.

ஸ்ப்ளிட் டியூட்டி நாள்களில் காலையில் போய் நண்பகலில் திரும்பி, துணி துவைத்து, எங்கள் கணக்கு நோட்டைத் திருத்தி, மாலையில் மறுபடியும் கிளம்புவார். குடும்பப் பணியை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்று எழுதினால், வேலையை அவர் விரும்பித்தான் செய்தார் என்பது மறைந்துபோகிறது என்பதே என் வருத்தம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தை தம் சம்பளத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீடு இன்று அவருடைய கணவரின் அண்ணன் பிள்ளைகளிடம் இருக்கிறது. கணவரும் பிள்ளையும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தாமே சம்பாதித்த சொத்து 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். இதே போன்ற ஒரு வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு ஆசைப்பட்டு நான் இதை எழுதவில்லை, எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. அவர் சுகமில்லாமல் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் சாவி கேட்டு வந்து நின்றதுதான் ஆறவில்லை.

கடைசி வரை அவருடைய கணக்கு அவரிடம்தான் இருந்தது. எண்பது வயதில் ஓய்வூதியம் 20 விழுக்காடு கூடியது. எண்பத்தைந்தில் அது 30, தொண்ணூறில் 40. "உயிரோடு இருப்பதற்கு இன்கிரிமென்ட் தருகிறார்கள், நான் எதற்கு அவசரப்பட வேண்டும்?" என்று சிரிப்பார்.

உங்கள் அத்தையின் ஓய்வூதியப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். பதவியும் ஓய்வு பெற்ற நாளும் அதில் இருக்கும். உடன் வேலை பார்த்தவர்களில் ஒருவராவது இருந்தால், நினைவுமலர் அச்சுக்குப் போகும் முன் நேரில் போய்ப் பேசிவிடுங்கள். அந்த வயதில் தொலைபேசியில் சொன்னால் பாதிதான் காதில் விழும்.