வாசகர் கேள்வி பதில்: சமையலறை மேசையில் ஒரு பள்ளிக்கூடம்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் தூத்துக்குடியிலிருந்து டர்பனுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறார். சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூத்தவனுக்கு வரும் ஆண்டில் ஆறு வயது நிறைகிறது, இளையவளுக்கு மூன்று வயது. எங்கள் சபையில் இரண்டு குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் கேட்டுப் பழகும் பேச்சை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது; கர்த்தருக்குள் அவர்களை வளர்க்க வேண்டும் என்ற பாரமும் இருக்கிறது. ஆனால் நான் பி.காம். படித்தவள், ஆசிரியை அல்ல. சட்டம் இதற்கு இடம் தருகிறதா? சபையில் சொல்லும் அமெரிக்கப் பாடப்புத்தகங்களைக் கட்டாயம் வாங்க வேண்டுமா? மாமியார் ஊரிலிருந்து தினமும் போனில் கண்டிக்கிறார்.
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: சகோதரி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குழப்பத்துக்கு இடமில்லை. இந்த நாட்டில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பித்ததற்காகப் பெற்றோர் சிறைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் தனது 51-ஆம் பிரிவில் வீட்டுக்கல்வியை அனுமதித்தது; அதே சட்டம் அதற்குப் பதிவையும் கட்டாயமாக்கியது. பேலா என்று எல்லோரும் சொல்லும் அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டத்தில் 2024 செப்டம்பர் 13 அன்று குடியரசுத் தலைவர் ராமபோசா கையெழுத்திட்டார். அது அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் கிரேடுக்கு முந்தைய ஆண்டான கிரேடு ஆர் வகுப்பே கட்டாயக் கல்வியின் முதல் படியாகிவிட்டது. பிள்ளைக்கு ஆறு வயது நிறையும் ஆண்டில் அவன் ஒரு பள்ளியில் இருக்க வேண்டும், அல்லது வீட்டுக்கல்விக்குப் பதிவாகியிருக்க வேண்டும் என்பதால், உங்கள் மகன் விஷயத்தில் காலம் நெருங்கிவிட்டது என்றே கொள்ளுங்கள்.

விண்ணப்பம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள மாகாணக் கல்வித்துறையின் தலைவருக்குப் போக வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள ஆவணங்கள், என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்ற விவரம் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தாலும் அதன் அறிவும் திறனும் தேசியப் பாடத்திட்டத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும், அதாவது மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் கிரேடுகளின் முடிவில், தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு பிள்ளையின் கல்வியை உங்கள் செலவில் மதிப்பிடச் செய்ய வேண்டும். பதிவைக் கொள்கை அளவில் எதிர்த்து வாதாடும் குடும்பங்கள் இங்கே உண்டு, அவர்களுடைய வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், நியாயமான காரணமின்றிப் பிள்ளையைக் கல்வியிலிருந்து நிறுத்தி வைக்கும் பெற்றோருக்குச் சட்டம் 12 மாதம் வரை சிறை விதிக்க இடமளிக்கும்போது, விசா தாள்களோடு வாழும் ஒரு குடும்பம் அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பதிவு செய்யுங்கள், தாள்களின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் இரண்டு சொற்களுக்கு வருகிறேன். பயம் என்று ஒன்று எழுதியிருக்கிறீர்கள், பாரம் என்று இன்னொன்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் கலந்திருப்பது இயல்புதான், தவறில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதற்குப் பயம் போதுமானதாக இருக்கலாம். மழை பெய்யும் செவ்வாய்க்கிழமைக் காலையில், இளையவள் அழுதுகொண்டிருக்க, மூத்தவனை உட்கார வைத்து ஏழோடு மூன்றைக் கூட்டக் கற்பிக்க அது போதாது. அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு மனம் இருக்கிறதா என்பதைத்தான் நீங்களும் உங்கள் கணவரும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.

ஆசிரியை அல்ல என்று வருந்தியிருக்கிறீர்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள், என் கதையைக் கேளுங்கள். 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கியபோது என் பேத்தி எங்களோடு இருந்தாள், அவளுக்கு ஆறு வயது. நான் சமையலறை மேசையை வகுப்பறையாக்கினேன்; சுவரில் கால அட்டவணை ஒட்டினேன்; பித்தளை மணி ஒன்றையும் எடுத்து வைத்து எட்டு மணிக்கு அடித்தேன். மூன்றாவது வாரத்தில் அந்தப் பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். மணியை அவள் மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். நாற்பது பிள்ளைகளை ஒழுங்குபடுத்த உண்டான முறையை ஒரே ஒரு பிள்ளையின் மேல் திணித்தது என் தவறு. பின்பு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த மசாலா டப்பாக்களின் பெயரை அவளை வாசிக்கச் சொன்னேன். கடைச் சீட்டை அவளையே எழுதச் சொன்னேன். அவள் கையெழுத்தில் பிழையாக எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு போய் அப்படியே சாமான் வாங்கி வந்தேன். வாசிப்பு திரும்பி வந்தது. ஆகவே ஆசிரியைப் பயிற்சி இல்லாதது இந்த வயதில் உங்களுக்குப் பெரிய குறையல்ல, சில சமயம் அது நன்மையாகவும் இருக்கக்கூடும்.

தேசியப் பாடத்திட்டம் கிரேடு ஆர் பிள்ளைக்கு வாரத்துக்கு 23 மணி நேரம் வகுக்கிறது: மொழிக்கு 10, கணிதத்துக்கு 7, வாழ்க்கைத் திறனுக்கு 6. இதைக் கண்டு மலைக்க வேண்டாம். அந்த மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதும், கை கழுவுவதும், பாட்டும், கதையும், மணலில் விளையாடுவதும் அடங்கும். வீட்டில் ஒரே பிள்ளைக்கு மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மீதிக் கணிதம் தட்டுகளை எண்ணி வைப்பதிலும், மக்காச்சோளத்தை இரண்டாகவும் நான்காகவும் பிரிப்பதிலும் நடந்துவிடும். ஆனால் நடந்ததை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். அவன் வரைந்ததையும் எழுதியதையும் ஒரு கோப்பில் சேருங்கள். பின்னால் மதிப்பீட்டாளர் கேட்கும்போது நினைவை நம்பிக்கொண்டு நிற்க முடியாது.

அமெரிக்கப் புத்தகங்கள் என்று நீங்கள் சொல்வது ஏ.சி.இ. (ஆக்ஸிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்) பாடத்திட்டமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது 1970-இல் டெக்சாஸில் தொடங்கியது. இந்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் வேரூன்றியிருக்கிறது. பேஸ் எனப்படும் மெல்லிய பாடநூல்களைப் பிள்ளை தானே படித்து, தானே விடையைச் சரிபார்த்து, சோதனையில் 80 சதவீதம் எடுத்தபின் அடுத்ததற்குப் போகும் முறை அது. சந்தேகம் வந்தால் மேசையில் ஒரு சிறு கொடியை நட்டுவைத்துக் காத்திருக்க வேண்டும். ஒழுங்கான பத்து வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தலாம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடி எதற்கு? அவன் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுப்பான். இந்த ஆண்டு பெரிய செலவு செய்யாதீர்கள். நல்ல கதைப் புத்தகங்கள், பெரிய எழுத்து அட்டைகள், எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, வரைதாள், கத்தரிக்கோல் ஆகியவை போதும், நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள்.

வேதாகமத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கிறிஸ்தவ வீடுகளில் வீட்டுக்கல்வி வழுக்கி விழுவதை நான் அதிகமாகக் கண்ட இடம் இதுதான். வேதத்தைக் கால அட்டவணையில் ஒரு பாடமாக்கி, மனப்பாட வசனத்துக்கு மதிப்பெண் போட்டு, தவறினால் விளையாட்டை நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் வசனமும் கூட்டல் கணக்கும் பிள்ளையின் மனதில் ஒரே கசப்போடு உட்கார்ந்துகொள்ளும். உபாகமம் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது பேசு என்றுதான் அங்கே சொல்லியிருக்கிறது, பரீட்சை வை என்று சொல்லவில்லை. இரவில் குடும்ப ஜெபம், ஒரு கீர்த்தனை, ஒரு கதை, கதையின் நடுவில் அவன் கேட்கும் கோணலான கேள்விக்கு உண்மையான பதில், இவை போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மேலும் அவன் உங்கள் கோபத்தையும், கோபத்துக்குப் பிறகு நீங்கள் மன்னிப்புக் கேட்பதையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கல்வியில் அதை மறைக்க வழியே இல்லை.

மொழியில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக இங்கே வந்து இறங்கியவர்களின் சந்ததியாரில் பெரும்பாலோருக்கு இன்று தமிழ் வீட்டு மொழியாக இல்லை. 1996-இன் அரசியலமைப்பு ஆறாம் பிரிவில் மதித்துப் பேண வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அரசியலமைப்பு வந்து தாலாட்டுப் பாடாது. உங்கள் மகன் தமிழில் கனவு காண்கிறவன் என்றால் முதல் கதைகளைத் தமிழிலேயே சொல்லுங்கள். அதே சமயம், மதிப்பீடு ஆங்கிலத்தில் நடக்கக்கூடும் என்பதால் ஆங்கில வாசிப்பை நாள் தவறாமல் நடத்த வேண்டும். முதல் கிரேடிலிருந்து இரண்டாவது மொழி ஒன்றும் வேண்டும்; இசிஸுலுவை, அதாவது ஸுலு மக்களின் மொழியைத் தேர்ந்தெடுங்கள். அதன் சொடுக்கொலிகள் ஐந்து வயது நாக்குக்கு எளிதில் வரும், நம் வயதில் வராது. அதைப் புத்தகத்தில் கற்க முடியாது, ஸுலு பேசும் பிள்ளைகளோடு விளையாடித்தான் கற்க முடியும். நிறவெறி ஆட்சியில் நம்மை இனவாரியாகத் தனித்தனிப் பேட்டைகளில் குடியேற்றிய சட்டத்தால் உருவான ஊர் சாட்ஸ்வொர்த். அந்தச் சட்டம் போன பிறகு, விசுவாசத்தின் பெயரால் நாமே ஒரு வேலியைக் கட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வாரத்தில் இரண்டு மதியமாவது பூங்காவுக்கோ விளையாட்டுக் குழுவுக்கோ அழைத்துப் போங்கள். 1849-இல் அமைந்த டர்பன் தாவரவியல் பூங்காவில் வூட் என்பவர் 1895-இல் ஙோயே காட்டில் கண்டெடுத்த, பனை போலத் தோன்றும் சைகாட் வகை மரம் இருக்கிறது; அந்த இனத்தில் ஆண் மரம் மட்டுமே உலகில் கிடைத்திருக்கிறது, பெண் மரம் ஒன்றைக்கூட இதுவரை யாரும் கண்டதில்லை. அதைக் காட்டினால் உங்கள் மகன் ஒரு வாரத்துக்குக் கேள்வி கேட்பான்.

மாமியாருக்குச் சட்டத்தை விளக்க வேண்டாம். பேரன் தமிழில் எழுதிய நான்கு வரியைப் படம் எடுத்து அனுப்புங்கள். கணவருக்கும் ஒரு பங்கு கட்டாயம் வேண்டும்: ஷிப்ட் முடிந்து வரும் நாளில் இரண்டு மணி நேரம் இரு பிள்ளைகளும் அவர் பொறுப்பு, அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. ஓராண்டு செய்து பாருங்கள். சரிப்படவில்லை என்றால் பள்ளியில் சேர்ப்பதில் வெட்கமும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை.

கேள்வி: என் மகனும் மருமகளும் வீட்டில் படிப்பிக்கிறார்கள். பேரனுக்கு எட்டு வயது. அழகாக ஜெபிக்கிறான், பாடுகிறான். ஆனால் மூன்றெழுத்துச் சொல்லைக்கூட வாசிக்கத் தடுமாறுகிறான். “நேரம் வரும்போது வரும், மாமா” என்கிறாள் மருமகள். நான் வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை வரும்.
— ஒரு தாத்தா, பீனிக்ஸ்

பதில்: ஐயா, வாசிப்பு சிலருக்குத் தாமதமாக வருவது உண்மைதான், ஆறு வயதில் வரவில்லை என்றால் நானும் உங்கள் மருமகளின் பக்கம் நின்றிருப்பேன். எட்டு வயதில் மூன்றெழுத்துக்கே தடுமாறினால் காத்திருக்கக்கூடாது. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பலகையைப் பார்க்க முடியாத பிள்ளையை ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார், மடியிலேயே புத்தகம் பார்க்கும் பிள்ளையின் கண் குறை வீட்டில் மறைந்தே இருக்கும். இரண்டும் சரி என்றால், எழுத்தும் ஒலியும் மூளையில் எளிதில் இணையாத டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று கல்வி உளவியலாளரிடம் காட்ட வேண்டும். அது சோம்பலும் அல்ல, புத்திக் குறைவும் அல்ல. முறையாக ஒலிகளைப் பிரித்துக் கற்பித்தால் முன்னேறலாம், சீக்கிரம் தொடங்கினால் எளிது.

இதை மருமகளிடம் சொல்லாதீர்கள், மகனிடம் தனியாகச் சொல்லுங்கள். குறையாகச் சொல்லாமல், கண் மருத்துவரிடம் நானே அழைத்துப் போகிறேன் என்று உதவியாகச் சொல்லுங்கள், செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ள முடிந்தால் நல்லது. மூன்றாம் கிரேடு முடிவில் மதிப்பீடு எப்படியும் வரப்போகிறது என்பதை அவனுக்கு நினைவூட்டலாம். வாரத்தில் இரண்டு மாலை பேரனோடு உட்கார்ந்து நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவனை வாசிக்கச் சொல்ல வேண்டாம், உங்கள் விரல் வரியின் கீழே நகர்ந்தால் போதும்.

கேள்வி: வீட்டில் படித்தால் மெட்ரிக் எழுத முடியாது என்கிறார் என் கணவர். மகளுக்கு நான்கு வயது.
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: எழுதலாம். கட்டாயக் கல்வி ஒன்பதாம் கிரேடோடு முடிகிறது. பத்தாம் கிரேடிலிருந்து சாக்காய் அல்லது ஐ.இ.பி. போன்ற தேர்வு அமைப்பின் வழியாகத் மெட்ரிக் எனப்படும் தேசிய மேல்நிலைச் சான்றிதழுக்குப் படிக்கலாம், அந்தச் சான்றிதழை உமலுசி என்னும் தர உறுதி அமைப்புதான் வழங்குகிறது. கேம்பிரிட்ஜ் தேர்வுகளும் உண்டு. பத்தாம் கிரேடு தொடங்கும்போதே முறையாகச் சேர்ந்துவிட வேண்டும், பன்னிரண்டில் போய்க் கதவைத் தட்டினால் திறக்காது. உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருக்கிறது. இப்போதைக்கு அவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.