கேள்வி பதில்: புழுன்னு பேர் வெச்சா எல்லாம் ஒரே இனமா?

கேள்வி: மண்புழு, நாடாப்புழு, வயித்துல வர்ற உருளைப்புழு எல்லாம் பாக்க ஒண்ணாத்தானே இருக்கு, பையனோட சயின்ஸ் புக்ல மட்டும் ஏன் தனித்தனியா போட்டிருக்காங்க?

பதில்: உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது, ஏன்னா உயிர்களை வகைப்படுத்திப் பேர் வெச்ச விஞ்ஞானி லின்னேயஸே 1758ல இதையெல்லாம், கூடவே நத்தை, கணவாய், நட்சத்திர மீன் வரைக்கும் சேத்து ‘வெர்மிஸ்’னு, அதாவது புழுக்கள்னு, ஒரே வகுப்புல போட்டிருந்தார். உள்ள அறுத்துப் பாக்கப் பாக்கத்தான் பிரிஞ்சுது. நாடாப்புழு தட்டைப்புழு வகை, தோலுக்கும் உள்ளுறுப்புக்கும் நடுவுல காலி இடமே இருக்காது, வாயும் கிடையாது குடலும் கிடையாது, நாம செரிச்சு வெச்ச சாப்பாட்டைத் தோல் வழியாவே உறிஞ்சிக்கும். உருளைப்புழுவுக்கு வாய்லேர்ந்து ஆசனவாய் வரைக்கும் முழுசா குழாய் உண்டு, ஆனா உடம்புல வளையம் இல்ல, மேல இருக்கிற உறையை வளரும்போது 4 தடவை உரிச்சுப் போடும்.

மண்புழு இவங்க ரெண்டு பேரையும் விட ரொம்ப நுணுக்கமா அமைஞ்சது. வெளிய தெரியற ஒவ்வொரு வளையத்துக்கும் உள்ள ஒரு தடுப்புச் சுவர், ரத்தம் குழாய்க்குள்ளயே ஓடும், அதுல நம்மள மாதிரியே ஹீமோகுளோபின். ஒரு மண்புழுவ காய்ஞ்ச பேப்பர் மேல விட்டுட்டு காதைப் பக்கத்துல கொண்டு போங்க, சரசரன்னு மெல்லிசா சத்தம் கேக்கும், வளையங்கள்ல இருக்கிற குட்டி முள்ளுங்க உரசுற சத்தம் அது (உடனே ஈர மண்ணுல விட்டுடுங்க, அது தோலாலதான் மூச்சு விடுது, காய்ஞ்சா செத்துடும்).

இன்னொண்ணு சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1997ல மரபணுவ வெச்சு ஒப்பிட்டப்போ உருளைப்புழு, அதை மாதிரியே தோலுரிக்கிற பூச்சி, நண்டு இவங்க பக்கம் போயிடுச்சு. மண்புழுவுக்கு நெருங்கின சொந்தம் நத்தையும் சிப்பியும்தான். மண்புழுவோட கூட்டமான வளையப்புழுக்கள்ல, கடல்ல வாழற பலதும் சிப்பிங்கள்ல பலதும் குஞ்சா இருக்கும்போது ஒரே மாதிரி பம்பரம் வடிவத்துல, நடுவுல ரோமப் பட்டையோட நீந்திட்டிருக்கும், ‘ட்ரோகோபோர்’னு பேரு.

கேள்வி: மண்புழுவ வெட்டினா ரெண்டா வளருமாமே?

பதில்: வளராது, தயவுசெஞ்சு வெட்டிப் பாக்காதீங்க. தலைப்பக்கம் நீளமா மிஞ்சினா சில இனத்துல வால் வளரும், வால் துண்டு பொதுவா செத்துடும். துண்டு துண்டா வளர்றது பிளனேரியாங்கிற தட்டைப்புழு.

கேள்வி: ஓட்டைக் கழட்டிப் போட்ட நத்தைதான் ஓடில்லாத நத்தையா?

பதில்: இல்லங்க, ஓடு நத்தை போட்டுக்கிற சட்டை இல்ல, உடம்போட தசையால ஒட்டியிருக்கு, பிச்சா செத்துடும். ஓடில்லாத நத்தை தனி இனங்கள், சிலதுக்கு உள்ள சின்னதா ஒரு தகடு மிச்சமிருக்கும். நத்தை, சிப்பி, ஆக்டோபஸ் எல்லாம் சேர்ந்த மெல்லுடலிகளோட அடிப்படை தசைக்கால், உள்ளுறுப்பு மூட்டை, அதை மூடற மேன்டில்ங்கிற போர்வை, இந்த மூணுதான், ஓட்டை சுரக்கிறதே அந்தப் போர்வைதான். நத்தைய கண்ணாடி மேல ஊர விட்டு அடியிலேர்ந்து பாத்தா கால்ல அலை அலையா தசை நகர்றது தெரியும், ஓட்டோரமா வலதுபக்கம் மூச்சுத் துளை திறந்து திறந்து மூடும். ஆக்டோபஸ்ல அந்தக் கால்தான் கைகளா மாறிடுச்சு, இதயம் 3, ரத்தத்துல செம்பு இருக்கிறதால நீல நிறம்.

கேள்வி: மரக்கப்பலைத் துளைக்கிற கப்பல்புழு எந்த வகைப் புழு?

பதில்: அது புழுவே இல்ல, சிப்பி! நீள உடம்போட தலைப்பக்கத்துல ரெண்டு குட்டி ஓடு இருக்கும், அதாலதான் மரத்தைக் குடையுது.