கருவிப் பெட்டி: இடுப்புக் கத்திக்கு என்ன பிடி?

கேள்வி: வாழையும் கொஞ்சம் திராட்சையும் வைத்திருக்கும் விவசாயி நான். நார் அறுக்க, இலை நறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட என்று இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி இருக்கும். மடக்குக் கத்தி அல்ல; நுனி முதல் அடி வரை ஒரே இரும்புத் தகடு. பிடிக்கும் பக்கத்தில் மூன்று துளைகள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் வேலை செய்தாலே உள்ளங்கையில் வெட்டுகிறது. கை ஈரமானால் வழுக்குகிறது. கடைக்காரர் நைலான் கயிறு சுற்றச் சொல்கிறார். என் மாமனார் மரம் வைத்து அடிக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், கம்பம்

பதில்: மாமனார் பேச்சை. மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் அவர் சொல்வதுதான் சரி.

கடைக்காரர் காட்டியது பாராகார்ட் என்கிற பாராசூட் கயிறாக இருக்கும். அமெரிக்க ராணுவத் தரத்தில் வருவது 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ எடை தாங்கும். மேலே நெய்த உறை, உள்ளே ஏழு முதல் ஒன்பது இழைகள். கயிற்றில் குறையில்லை. ஆனால் உங்கள் கத்தியில் யாரும் 250 கிலோவைத் தொங்கவிடப் போவதில்லை. எந்தப் பிடியானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நனைந்தால் எப்படிக் காயும்? அழகு, விலை, கைக்கு இதம் எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் கை நனைவது தண்ணீரால் மட்டும் அல்ல, வாழைக்கறையாலும். வேட்டியில் பட்டால் போகாத கறை அது. அதில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். கயிறு கறையைக் குடிக்கும், வியர்வையையும் குடிக்கும், பிறகு இறுகி நாறும். அடியில் இரும்பு அரிப்பது மேலே தெரியாது. கயிற்றை அவிழ்க்கும் நாளில்தான் தெரியும்.

எந்த மரம் என்பதற்கு வருவோம். நம் ஊர்ப் பட்டறைகளில் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் கருவேலங்கட்டையைத் தேடுவது சும்மா அல்ல. அடர்த்தியான மரம், அதிர்ச்சியைத் தாங்கும். வைரம் பாய்ந்த புளியும் நல்லதுதான், ஆனால் அரம் தேய்ந்து போகும் அளவுக்குக் கெட்டி. கொய்யா கிடைத்தால் விடாதீர்கள்: நெருக்கமான நார், இழைத்தால் வழவழவென்று வரும். தேக்கு வேலைக்கு எளிது, தண்ணீருக்கும் அஞ்சாது, ஆனால் சீக்கிரம் குழிவிழும். பனை வைரம் பார்ப்பதற்குக் கறுப்பும் பொன்னுமாக மயக்கும். சின்னப் பிடிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதன் நார்கள் தனித்தனி ஊசிகள், ஓரம் தேயத் தேயச் சிராய் ஏறும். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) வேண்டுமென்றால் உடைந்த பழைய நாற்காலிக் காலில் தேடுங்கள். புதிதாக வெட்டும் யோசனை வேண்டாம், தமிழ்நாட்டில் அதைக் காக்கவென்றே 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று போட்டார்கள்.

எதை எடுத்தாலும் நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்கட்டும். பச்சைக் கட்டை நாருக்குக் குறுக்காகச் சுருங்கும், இரும்பு சுருங்காது, இடையில் வாய் பிளக்கும். தகடு 3 மில்லிமீட்டர் என்றால் பக்கத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் மரம் போதும். நடுவில் சற்றுப் பருத்து இரண்டு முனையிலும் மெலிந்தால் கை தானாக அமரும். வேலை தொடங்கும் முன் அலகைத் தடித்த நாடாவால் சுற்றிவிடுங்கள். பிடி வேலையில் கை அறுபடுவதெல்லாம் அந்த அலகில்தான்.

இரும்பையும் மரத்தின் உள்பக்கத்தையும் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, இரண்டு குழாய் எப்பாக்சிப் பசையைத் தடவுங்கள். கிளாம்பை மூச்சுமுட்ட இறுக்காதீர்கள். பசை எல்லாம் வழிந்து வெளியே வந்துவிட்டால் எது ஒட்டும்? இரும்பின் துளைகள் வழியே மரத்தையும் துளைத்து, அதே அளவுப் பித்தளைக் கம்பியைச் செருகி, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தலையைப் பரப்புங்கள். ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும்.

முடிவில் எண்ணெய். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். அது அலகுக்கு நல்லது, பிடிக்கு ஆகாது. எத்தனை நாளானாலும் காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் காய்ந்து மரத்துக்குள் இறுகும். மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் மறுபடி. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெயிலில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: என் கத்தி துருப்பிடிக்காத எஃகு. படகில் வலை அறுக்க வைத்திருக்கிறேன். கயிறு சுற்றினால் எனக்கும் கெடுதலா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: துருப்பிடிக்காது என்று கடையில் சொல்வார்கள், கடல் அதை ஒப்புக்கொள்ளாது. அந்த எஃகில் பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் போடும். படலம் கீறினாலும் காற்றிருந்தால் மறுபடி உருவாகும். உப்புநீரில் ஊறிய கயிற்றுக்கு அடியில் காற்றுக்கு வழியில்லை. அங்கே படலம் தோற்று, ஊசி குத்தியதுபோலக் குழிகள் விழும்.

ஆனாலும் ஈரக் கையில் கயிற்றுப் பிடிபோல நிற்பது வேறு குறைவு என்பதால் உங்களைத் தடுக்க மாட்டேன். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். ஒன்று, பசையே இல்லாமல் சுற்றுங்கள். கயிற்றின் உள்ளிழைகளை உருவிவிட்டு உறையை மட்டும் எடுத்தால் தட்டையாகப் படியும், பிடியும் பருக்காது. ஈரமாக்கி, இறுக்கி, ஒவ்வொரு குறுக்கிலும் ஒரு முறுக்குப் போட்டுச் சுற்றி, கடைசித் துளையில் முடியுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், அவ்வப்போது அவிழ்த்துப் பாருங்கள். இல்லையென்றால் சுற்றியதை எப்பாக்சியில் முழுக்க ஊறவைத்து, நீர் புக ஒரு பொட்டு இடமும் இல்லாமல் மூடிவிடுங்கள். பாதி பூசிப் பாதி விடுவதுதான் மிக மோசம்: ஈரம் உள்ளே போகும், வெளியே வராது.

கயிற்று முனையைத் தீயில் உருக்குவீர்கள் அல்லவா? உருகிய நைலானை விரலால் அழுத்தாதீர்கள், தோலோடு ஒட்டிச் சுடும். இறுகியபின் அது ஒரு கூரான முடிச்சாகும். அந்த முடிச்சு உள்ளங்கைப் பக்கம் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எலக்ட்ரீசியன். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் மாட்டலாமா? அல்லது வயர் மேல் போடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டியூப் காசில்லாத நல்ல பிடி. ஆனால் உறையிலிருந்து எடுக்கும்போது சொரணையில்லாமல் ஒட்டிக்கொள்ளும், சட்டைப்பையில் வைத்தால் துணியோடு வரும். பெட்ரோல், கிரீஸ் பட்டால் ஊதிப்போகும். இயந்திர எண்ணெய் புழங்கும் இடத்தில் வேண்டாம்.

உங்கள் தொழிலுக்கு ஹீட் ஷ்ரிங்க் பொருத்தம். தூண்டில் கோலுக்கென்று சொரசொரப்பான வகையும் விற்கிறார்கள். நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் சுருங்கிவிடும், ஆகவே வெப்பக் காற்றுத் துப்பாக்கி போதும். காஸ் அடுப்பில் காட்டாதீர்கள். சாதாரணக் கார்பன் எஃகைப் பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டித்தான் பதம் செய்திருப்பார்கள்; அடுப்புச் சுவாலையில் அலகு நீலம் பாரித்தால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள், பதம் போய்விட்டது. இன்னொன்று: ஹீட் ஷ்ரிங்க் போட்டுவிட்டதால் அது மின்காப்புள்ள கத்தி ஆகிவிடாது. மின்சாரம் உள்ள கம்பியில் கை வைக்கும் எண்ணம் வேண்டாம்.

கேள்வி: மிக்கார்ட்டா, ஜி-10 என்று விலை உயர்ந்த பிடிகளைப் பார்க்கிறேன். அப்படி என்ன இருக்கிறது அவற்றில்?
— வாசகி, ஓசூர்

பதில்: துணியும் பிசினும். 1907இல் லியோ பேக்கலாண்ட் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். அந்த வகைப் பிசினில் துணியையும் தாளையும் அடுக்கி அழுத்தி, மின்காப்புப் பலகையாக வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்தது மிக்கார்ட்டா. ஜி-10 என்பது கண்ணாடி இழையும் எப்பாக்சியும், மின்சுற்று அட்டைகளின் நெருங்கிய உறவு. இரண்டும் நீர் குடிக்காது, சுருங்காது, பூச்சி அரிக்காது.

மிக்கார்ட்டா மாதிரி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். இந்தப் பத்தியில் நான் சொல்பவற்றில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது. பழைய ஜீன்ஸ் அல்லது காக்கிச் சட்டை, சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும், பாலியெஸ்டர் கலந்தால் பிசினைச் சரியாகக் குடிக்காது. பிடியைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் எப்பாக்சியில் நன்றாக நனைத்து அடுக்குங்கள். ஜீன்ஸ் என்றால் பத்து அடுக்கில் ஐந்தாறு மில்லிமீட்டர் வரும். மேலும் கீழும் பாலித்தீன் தாள், அதற்கு வெளியே இரண்டு பலகை, நான்கு மூலையிலும் கிளாம்ப். ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிசினை ஒரே டம்ளரில் நிறையக் கலக்காதீர்கள், சூடேறிப் புகையும். கையுறை கட்டாயம்.

அறுத்து ராவியதும் அடுக்குகள் மரத்தின் வரிகளாகத் தெரியும். 400 எண் உப்புத்தாளோடு நிறுத்துங்கள். பளபளப்பு ஏற்றினால் இத்தனை நேரம் உழைத்துப் பெற்ற பிடிமானத்தை நீங்களே அழித்தவராவீர்கள். தூளுக்கு நல்ல முகக்கவசம் வேண்டும், கைக்குட்டை போதாது. ஜி-10 என்றால் கண்ணாடித் தூள், தண்ணீர் விட்டே தேயுங்கள்.

விலை உயர்ந்ததையே வாங்குவேன் என்றால் என் அனுமதி எதற்கு?

கேள்வி: தாத்தா காலத்து மான்கொம்பு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் பிடி செய்யலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: பெயர் வேண்டாம் என்றதிலேயே உங்களுக்கு விடை தெரிந்திருக்கிறது. கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தானாக உதிர்ந்த கொம்பும் அடங்கும். உரிமைச் சான்று இருந்தாலும் அதில் அரம் வைக்கும் முன் வனத்துறையைக் கேட்க வேண்டும். சான்று இல்லையென்றால் ஒப்படைப்பது நல்லது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்கு நம் கடமான் கொம்புதான் கப்பலேறிப் போனது. அந்த ஏற்றுமதியையும் 1990களில் இந்தியா நிறுத்திவிட்டது.

கொம்புதான் வேண்டுமென்றால் எருமைக் கொம்பு. நகமும் அதுவும் ஒரே பொருள், கெரட்டின். தேய்க்கும்போது முடி கருகும் வாடை வரும், வீட்டுக்குள் செய்தால் திட்டு வாங்குவீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டால் வளையும். எண்ணெய் தொடாமல் பெட்டியில் போட்டுவிட்டால் பூச்சி துளைக்கும்.

கேள்வி: ஜப்பானிய வாள் பிடிபோல என் சின்னக் கத்திக்கும் பட்டு நாடா பின்னலாமா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: பின்னலாம், தம்பி, ஆனால் அந்தப் பிடி வெறும் நாடா அல்ல. உள்ளே மக்னோலியா மரக்கூடு, அதன் மேல் முள் முள்ளாக இருக்கும் திருக்கைமீன் தோல், அதற்கும் மேல்தான் நாடா. தோலின் சொரசொரப்பு நாடாவை நகரவிடாது. எல்லாவற்றையும் வாளோடு சேர்த்து நிறுத்துவது ஒரே மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் பிடி முழுதாகக் கழன்று வரும். கழற்றிப் பார்க்க முடிகிற பிடி! என் மனத்துக்கு மிகப் பிடித்தது அந்த ஆணிதான். உன் கத்தி ஒரே தகடு, மரக்கூடு ஏறாது. நேராக இரும்பின் மேல் நாடா பின்னினால் நழுவும். ஜப்பானிலேயே சிறு கத்திகள் பலவற்றுக்கு நாடா இல்லை, திருக்கைத் தோல் மட்டும்தான். பதப்படுத்திய தோலாக வாங்கு. எந்த வகைத் திருக்கை என்று கேட்டு வாங்கு, சில வகைகள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன.

கேள்வி: இப்படி ஒரு கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் போலீஸ் பிடிக்காதா?
— வாசகர், மதுரை

பதில்: 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்வது 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுகளைப் பற்றி. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்த கருவிகளுக்கு அதில் விலக்கும் உண்டு. இதற்காகக் கோயில் திருவிழாவுக்கும் நீதிமன்றத்துக்கும் கத்தியோடு போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது.

கேள்வி: முதலில் உறையா, பிடியா? தோல் தைப்பவர் கத்தியை உடனே கொண்டுவரச் சொல்கிறார்.
— வாசகி, ஆம்பூர்

பதில்: பிடி. உறை பிடியின் கழுத்தைக் கவ்வித்தான் கத்தியை நிறுத்துகிறது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் தைத்த உறை வீண். பிடி முடிந்து, எண்ணெய் காய்ந்தபின் கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி அவரிடம் கொடுங்கள். ஈரத் தோலை அதன் மேல் அழுத்தி வடிவம் எடுப்பார். தோல் முழுக்கக் காயும் வரை கத்தியை உறைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.