நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை கிட்டில் சேர்க்கலாமா?

காரைக்குடி பலகாரக் கடைக்கு நீங்கள் எழுதிய ஆர்டர் தளம் உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் உடைகிறது. அதனால் நோட் மாட்யூல்ஸை (தளம் பயன்படுத்தும், பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளான பேக்கேஜ்கள் இருக்கும் கோப்புறை) அப்படியே கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே உங்கள் சொந்த மாற்றம் எது என்று தேடவேண்டி வரும். விண்டோஸில் கம்பைல் ஆன பகுதிகள் லினக்ஸ் சர்வரில் ஓடவும் ஓடாது.

சேர்க்க வேண்டியது பேக்கேஜ் லாக் கோப்பு, அதாவது எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் கோப்பு. ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு ஆர்டர் சொல்லும்போது ‘பூப்போட்டது ஏதாவது’ என்றா சொல்வோம்? எந்த டிசைன், எந்த நிறம், எத்தனை என்று சீட்டு எழுதிக் கொடுப்போம். தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில், 4.2.0 என்ற பதிப்பு எண்ணுக்கு முன்னால் தொப்பிக் குறி (^) இருந்தால் 4.9-உம் வந்து உட்காரலாம். லாக் கோப்பில் துல்லியமான பதிப்பும் அதன் ஹாஷும் (வந்தது அதே கோப்புதானா என்று சரிபார்க்கும் குறியீடு) இருக்கும்.

என்பிஎம் என்பது பேக்கேஜ்களை நிறுவும் கருவி. சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ (npm install) கட்டளை வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ (npm ci) கொடுங்கள். பழைய நோட் மாட்யூல்ஸை அழித்துவிட்டு லாக்கில் உள்ளதை மட்டும் நிறுவும். பேக்கேஜ் ஜேசனும் லாக் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். (நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு தீபாவளி ஆர்டர் நேரத்தில். சரி, அந்தக் கதை வேண்டாம்.)

அப்புறம், பேக்கேஜ்கள் இறங்கி வரும் என்பிஎம் களஞ்சியத்திலேயே ஒன்று காணாமல் போனால்? 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரல் நீக்கப்பட்டதும் உலகம் முழுக்கப் பல பில்டுகள் (நிரலை ஓடும் நிலைக்குத் தயார் செய்யும் வேலைகள்) நின்றன. அந்தப் பயம் இருந்தால் பில்ட் ஆன டாக்கர் இமேஜை (தளமும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய ஒரே பொதி) பதிப்பு எண்ணோடு சேமித்து, அதையே சர்வரில் ஏற்றுங்கள்.