கேளுங்கள், சொல்கிறோம்: போனில் படிக்கிறவர்களுக்கு

கேள்வி: திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். சூம் வகுப்பு பாதியில் அறுந்துபோகிறது, டேட்டாவும் மாதம் முடிய முதலே தீர்ந்துவிடுகிறது. லப்டொப் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, நெடுந்தீவு

பதில்: லப்டொப் வாங்கினாலும் அதே சிக்னல்தானே தங்கச்சி, காசைக் கையில் வைத்திருங்கள். முதலில் உங்கள் கமராவை நிறுத்துங்கள், சூமில் மற்றவர்களின் வீடியோ வருவதையும் நிறுத்தலாம், அதையும் செய்யுங்கள். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வீடியோ ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்கு 450 மெகாபைட் போய்விடும், குரல் மட்டும் என்றால் 100 கிலோபிட் தாராளம், அது 45 மெகாபைட்தான். ஸ்லைடுகளை வகுப்புக்கு முன்பே அனுப்பச் சொல்லி விரிவுரையாளரிடம் கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம், உங்களைப்போல இன்னும் பலர் அந்த வகுப்பில் இருப்பார்கள்.

அடுத்தது, நேரடி வகுப்பையே நம்பி இருக்காதீர்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் கற்றல் தளம் மூடில் என்ற மென்பொருளில் இயங்குவது. மூடிலுக்குத் தனிச் செயலி இருக்கிறது, உங்கள் தளம் அதற்கு இடம் கொடுத்தால் பாடக்குறிப்புகளைப் போனுக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்திலும் வாசிக்கலாம். இடம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, பிரவுசரில் திறந்து பிடிஎப்பாக இறக்குங்கள். யாழ்ப்பாணம் வருகிற நாளில், நல்ல சிக்னல் கிடைக்கிற இடத்தில், அந்தக் கிழமைக்கு வேண்டியதை எல்லாம் இறக்கிக்கொண்டு போனால் குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கிற நேரமும் படிக்கிற நேரம்தான் (வெயிலில் திரை தெரியாது, ஒலிப்பதிவு என்றால் அந்தத் தொல்லையும் இல்லை).

ஒப்படையைக் கடைசி இரவில் ஏற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். எல்லோரும் ஏற்றுகிற நேரம் அது, உங்கள் சிக்னலும் சேர்ந்து காலை வாரினால் யாரிடம் போய்ச் சொல்வது? நீளமாகத் தட்டச்சு செய்ய வேண்டி வந்தால் ஒரு சின்ன ப்ளூடூத் கீபோர்ட் போதும், லப்டொப்பைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்கு வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் காசு அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து கம்பியூட்டர் வாங்கிப் போடலாமா?
– நிர்வாகசபை உறுப்பினர், சாவகச்சேரி

பதில்: வாங்கினால் போட்டோ எடுத்து அனுப்ப நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் கம்பியூட்டருக்குத் தூசி படியும், கரண்ட் பில் வரும், திறப்பு ஒருவரிடம் இருக்கும், அவர் கலியாண வீட்டுக்குப் போயிருப்பார். ராஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கணினி இருக்கிறது, அதில் கிவிக்ஸ், கொலிப்ரி என்ற இரண்டு மென்பொருள்களையும் போடலாம், இரண்டுமே இலவசம். கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைக்கலாம், கொலிப்ரியில் பாட வீடியோக்களும் பயிற்சிகளும் வைக்கலாம். அந்தச் சின்னப் பெட்டியே வைஃபை கொடுக்கும், பிள்ளைகள் தங்கள் போனில் இணைத்துப் படிப்பார்கள், ஒருவருக்கும் டேட்டா செலவாகாது. கரண்ட் போனாலும் நல்ல பவர்பாங்கில் கொஞ்ச நேரம் ஓடும். பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பிடிஎப்பாக எடுக்கலாம், 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் கிடக்கின்றன.

மிச்சக் காசில் நாலு ரப் (டேப்லெட்) வாங்கி, புத்தகம் இரவல் கொடுப்பதுபோல பதிவு எழுதிக் கொடுங்கள், வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு அதுதான் முதலில் வேண்டும். இதை எல்லாம் நிறுவிப் பார்க்க ஊரில் கணினி படிக்கிற ஒரு பிள்ளையைப் பிடியுங்கள், சும்மா வேலை வாங்காமல் கையில் ஏதாவது கொடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். தீவுப்பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பிக்க விருப்பம். சூம் எல்லாம் எனக்குச் சரிவராது.
– வாசகர், கொக்குவில்

பதில்: சரிவராவிட்டால் விடுங்கள் சேர். கணக்கைக் கொப்பியில் படிப்படியாகச் செய்து போட்டோ எடுங்கள், விளக்கத்தைக் குரலில் பதிந்து இரண்டையும் வட்ஸ்அப்பில் போடுங்கள். வினாடிக்கு 32 கிலோபிட்டில் பதிந்தால் 20 நிமிடப் பாடம் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பிள்ளைகளும் செய்த கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும், நீங்கள் அதன் மேலேயே சிவப்பில் கீறித் திருப்பி அனுப்பலாம், போனிலேயே அதற்கு வசதி இருக்கிறது, பேரப்பிள்ளையைக் கேட்டால் காட்டித் தருவார்.