தொய்ந்த மரத்தளத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்களுடையது பழைய வீடு. கூடத்தின் மரத்தளம் நடுவில் நன்றாகத் தொய்ந்துவிட்டது. முழுத் தளத்தையும் பிரித்து மாற்ற வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். அவர் கேட்கும் தொகையில் பாதி ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. மீதிக்குப் பெர்சனல் லோன் எடுக்கலாமா, இல்லை வீட்டை இப்படியே விற்றுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு டெபாசிட்டையும் தொட வேண்டாம், கடனுக்கும் போக வேண்டாம். தளம் ஏன் இறங்கியது என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. கான்ட்ராக்டரும் சொன்னதாகத் தெரியவில்லை. காரணம் தெரியாமல் போட்ட எஸ்டிமேட்டை வைத்துக் கடன் தொகையை முடிவு செய்ய முடியாது.

முதல் செலவு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்கு. வேலையை எடுத்துச் செய்யாத, பார்த்து அறிக்கை மட்டும் தருபவராக இருக்கட்டும். அவர் டார்ச்சோடு தளத்துக்கு அடியில் போய், தளத்தைத் தாங்கும் சட்டங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பார். நல்ல மரத்தில் முனை இறங்காது. உளுத்த மரத்தில் கேக்கில் கத்தி போவது போலப் போய்விடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சை பிடிக்க வழி கிடைக்கிறது. அப்படியென்றால் ஒழுகும் குழாயையோ தளத்துக்கு அடியில் காற்றோட்டம் இல்லாததையோ முதலில் கவனிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மரத்தை மட்டும் மாற்றினால் சில வருடங்களில் இதே செலவு திரும்ப வரும். கரையானுக்கும் இதே கதைதான்.

மரம் நன்றாக இருந்தும் தொய்ந்திருக்கலாம். சட்டம் தூரத்துக்கேற்ற கனத்தில் இல்லாமல் இருக்கலாம், குழாய் கொண்டுபோக யாராவது அதை வெட்டியிருக்கலாம், பல காலம் பாரம் தாங்கியே வளைந்திருக்கலாம். இதற்கெல்லாம் பழைய சட்டத்தோடு புதுச் சட்டம் ஒன்றைச் சேர்த்து போல்ட் போடுவது, நடுவில் ஒரு உத்திரமும் தூண்களும் கொடுப்பது போன்றவையே பல வீடுகளில் போதும். தளம் முழுவதையும் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மலிவு. தூணோ அஸ்திவாரமோ மண்ணில் இறங்கியிருந்தால்தான் செலவு பெரிதாகும்.

தொய்வு இன்னும் கூடுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டித் தளத்தில் ஒரே உயரத்தில் இரண்டு ஆணி அடித்து, நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் நூலுக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, எண் மாறாமலே இருந்தால் பணம் சேர்க்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் கதவு திடீரென்று சிக்குகிறது, சுவர் விரிசல் அகலமாகிறது, நடந்தால் தளம் அதிர்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். இன்ஜினீயரை உடனே அழைத்து, தற்காலிக முட்டு கொடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தின் மேல் சமன்படுத்தும் கலவை ஊற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றினாலே சுமார் 20 கிலோ. ஏற்கெனவே தாங்க முடியாத சட்டத்துக்கு அது கூடுதல் பாரம், உங்களுக்கோ வீண் செலவு.

சரி, பணத்துக்கு வருவோம். தொய்ந்த தளத்தை ஜாக்கி வைத்து ஒரே நாளில் தூக்கினால் சுவர்ப் பூச்சு வெடிக்கும். அதனால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உயர்த்துவார்கள். உங்களுக்கு அது வசதிதான்: பணத்தையும் கட்டம் கட்டமாகவே கொடுக்கலாம். பிரித்த பிறகு கூடுதலாக ஒரு சட்டம் கெட்டிருந்தால் அதற்கு என்ன விலை என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது தனியாக ஒதுக்கி வையுங்கள். பெயின்ட் வேலை கடைசியில்.

ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையை விட்டுவிட்டு, மிச்சமுள்ள டெபாசிட்டை எடுக்கலாம். முன்கூட்டியே உடைத்தால் இழக்கும் வட்டி, பெர்சனல் லோனுக்குக் கட்டும் வட்டியைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் வீட்டை அடமானம் வைத்து வாங்கும் கடனின் வட்டியைக் கேட்டுப் பாருங்கள். பொதுவாக அது குறைவு, ஆனால் தவணை தவறினால் வீடே போகும். இன்ஷூரன்ஸைப் பெரிதாக நம்ப வேண்டாம். குழாய் திடீரென வெடித்த சேதத்துக்குக் கிடைக்கலாம், மெல்ல மெல்ல உளுத்ததற்கும் கரையானுக்கும் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை.

விற்பதானாலும் அந்த அறிக்கை கையில் இருக்கட்டும். அது இல்லையென்றால் வாங்க வருபவர் அஸ்திவாரமே போய்விட்டது என்று கணக்குப் போட்டுத்தான் விலையைக் குறைப்பார்.