பேண்டுக்குள் மூழ்கிப்போகும் மரிம்பா

கேள்வி: சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி பேண்டுக்குப் பயிற்சி தருகிறேன். அறுபது மாணவர்கள். நே ரொசாவ்ரோவின் மரிம்பா கான்செர்ட்டோவை (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா முன்நிற்க, மற்றவர்கள் துணை வாசிக்கும் படைப்பு) எடுத்திருக்கிறோம். தனி வாசிக்கும் மாணவி கெட்டிக்காரிதான். ஆனால் பேண்டு சேர்ந்ததும் அவள் கை அசைவது மட்டும் தெரிகிறது, ஒலி வருவதில்லை. இன்னும் கடினமான மேலட் (கட்டையைத் தட்டும் குச்சி) கொடுக்கலாமா? மைக் வைத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் பேண்டைக் குறையுங்கள்.

பிரேசில்காரரான ரொசாவ்ரோ 1986-இல் இதை எழுதியபோது மரிம்பாவுக்குத் துணை நின்றவை தந்திக் கருவிகள் மட்டுமே. உங்கள் கையில் இருப்பது பின்னால் பேண்டுக்காக மாற்றியமைத்த வடிவம். இருபது வயலின்கள் சேர்ந்து கிசுகிசுக்க முடியும்; இருபது கிளாரினெட் மாணவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஃப்ரெடரிக் ஃபென்னல் 1952-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் தொடங்கிய ஊதுகருவிக் குழுவில், பொதுவாக ஒரு பகுதிக்கு (தனித்தனியாக எழுதிய ஒவ்வொரு வாசிப்பு வரிக்கும்) ஒருவர்தான். அந்த வழக்கம் இங்கே கைகொடுக்கும். மரிம்பா வாசிக்கும் இடங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரை மட்டும் ஊதச் சொல்லுங்கள். பேண்டு தனித்து முழங்கும் இடங்களில் அறுபது பேரும் வரட்டும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். சமாளித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மரிம்பாவின் ஒலியை யார் மூடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எல்லாரும் ட்ரம்பெட்டைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி அவர்கள் இல்லை. மரிம்பாக் கட்டையைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஊதுகருவியோ சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதிலும் கீழே நீளும் ஒலி தனக்கு மேலிருப்பதை எளிதாக மூடிவிடும். மேலிருப்பது கீழிருப்பதை அந்த அளவுக்கு மூடாது. நம் காதின் சுபாவம் அப்படி. ஆகவே யூபோனியம், ஹார்ன், ட்ரோம்போன், டெனர் சாக்ஸபோன் ஆகியவை அடக்கமாகத்தான் ஊதுகிறோம் என்று நம்பிக்கொண்டு இழுக்கும் நீண்ட சுரங்களைக் கவனியுங்கள். சுரத்தை எடுத்தவுடனே ஒலியைப் பாதியாகக் குறைக்கவும், ஒரு எட்டாம் மாத்திரை முன்னதாகவே விட்டுவிடவும் அவர்களைப் பழக்குங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மேலட் விஷயம். கடினமான மேலட் மேல் சுரங்களைத் துலக்கும். கீழ்க் கட்டைகளில் 'டக்' என்ற ஓசைதான் முந்திக்கொண்டு வரும், அடிச்சுரம் மெலிந்துவிடும். ஒவ்வொரு கட்டையும் தன் சுரத்தோடு இரண்டு ஸ்தாயி மேலே உள்ள சுரமும் சேர்ந்து ஒலிக்கும்படி செதுக்கப்பட்டது. கடினமான தலை அந்த மேல் சுரத்தையே கூடுதலாகக் கிளப்பும். ரோஸ்வுட் கட்டையில் தழும்பும் விழலாம், மாற்றுக் கட்டை மலிவில்லை. நான்கு மேலட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை: இடது கையின் வெளிப்பக்கம் கனமான, மெத்தென்ற நூல் தலை, வலப்புறம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம். பதற்றத்தில் அவள் கட்டையில் கயிறு போகும் இடத்தில் தட்டுகிறாளா என்றும் பாருங்கள். அங்கே தட்டினால் எந்த மேலட்டும் செத்த ஒலிதான் தரும்.

சுருதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேண்டுதான் மரிம்பாவோடு சேர வேண்டும். மரிம்பா இறங்கி வராது. பல மரிம்பாக்கள் ஏ சுரத்தை 442 ஹெர்ட்ஸில் வைத்துச் செய்யப்படுகின்றன, சில 440-இல். வித்தியாசம் சுமார் 8 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கான்செர்ட்டோவின் மெதுவான இரண்டாம் பிரிவில் அது உறுத்தும். போதாக்குறைக்கு, வெப்பம் ஏறினால் ஊதுகருவிகளின் சுருதி ஏறும், கட்டைகளின் சுருதி இறங்கும். கட்டைகளுக்குக் கீழே தொங்கும் குழாய்களின் சுருதியும் ஏறுவதால், கீழ்ச் சுரங்களுக்குக் கிடைக்கும் துணை குறைந்துவிடும். உங்கள் கருவியின் பெரிய குழாய்களில் நகர்த்தும் அடைப்பு இருந்தால் அரங்கிலேயே சரிசெய்யுங்கள். குளிரூட்டிய ஒத்திகை அறையில் சேர்த்த சுருதியை மேடை விளக்குகளின் கீழ் நம்ப வேண்டாம்.

மரிம்பாவை மேடை விளிம்பில், உங்கள் இடப்பக்கம் வையுங்கள். பத்து மீட்டர் பின்னால் இருக்கும் டியூபாக்காரருக்கு அவள் ஒலி ஒரு விநாடியின் நூறில் மூன்று பங்கு தாமதமாகத்தான் எட்டும். அதைக் கேட்டு அவர் ஊதினால், அவர் ஒலி அரங்கின் முன்வரிசைக்குத் திரும்பி வருவதற்குள் தாமதம் இரட்டிப்பாகிவிடும். பின்வரிசை காதை நம்பாமல், தாளம் காட்டும் உங்கள் கோலையே பார்க்கட்டும்.

இதெல்லாம் செய்தும் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் மைக் வைக்கலாம். இரண்டு போதும்: ஒன்று கீழ்ப்பாதிக்கு, ஒன்று மேல்பாதிக்கு, கட்டைகளிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே. ஒத்திகையில் கலவை மேசையில் இருப்பவர் அரங்கின் நடுவில் உட்கார்ந்து கேட்கட்டும். ஒலி ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது, குறைக்கச் சொல்லுங்கள்.